ஒரு ரிங்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு என் கைத்தொலைபேசி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. எல்லாம் குழம்பத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

அது யாரும் எடுத்த அழைப்பு அல்ல. நானே படித்து, நானே செய்த செயலி ஒன்றின் மணி. அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போகும் என் மகள் வகுப்பு வாசலை அடைந்துவிட்டாள் என்று அது எனக்குச் சொல்லும். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் நாலு மணிக்குச் சற்று முன்பின்னாக அடிக்கும். அடித்ததும் நான் ஒரு மூச்சு விட்டு வேலைக்குத் திரும்புவேன்.

அன்று திரும்ப முடியவில்லை. அவள் ஏறியிருக்க வேண்டிய பஸ் என் கண்முன்னே நின்றுகொண்டிருந்தது.

நான் எழுதுவினைஞராக வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில், முன்சில்லு கழற்றப்பட்டு, ஜாக்கியில் சரிந்தபடி அது நெடுநேரமாக நின்றது. ஆட்கள் இறங்கி வேப்பமர நிழலில் நின்றார்கள். நான் உள்ளேயிருந்து ஒரு சாடியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் முகத்தைக் கழுவிவிட்டுச் சங்கத்துக் கட்டடத்தை ஒருமுறை நோட்டம் பார்த்தார்.

"ஐயா, அரிசி பருப்போடை டயரும் விக்கிறியளோ?"

"விக்கிறம். பங்கீட்டு அட்டை கொண்டு வந்தனீங்களோ?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். 'சேர்ந்தாச்சு' என்று பச்சை எழுத்தில் இருந்தது. பஸ்ஸைப் பார்த்தேன். மறுபடி தொலைபேசியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் முதல் உணர்வு மகிழ்ச்சி. பிள்ளை கெட்டிக்காரி, பஸ் பழுதானதைக் கண்டு வேறு ஏதோ வழியில் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை நின்றாள். என் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே ரியூசன். அவளிடம் ஒரு கோப்பை தண்ணீரை நீட்டினேன்.

"பிள்ளை, எங்கடை ஆள் எதிலை போனவ?"

அவள் தண்ணீரை மெல்லக் குடித்து முடித்தாள். "தெரியாது அங்கிள். முதல் பஸ்ஸிலை போயிருப்பா."

"முதல் பஸ் ரெண்டு மணிக்கெல்லோ. அவ மூண்டு மணிக்குத்தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ்ஸடிக்கு வெளிக்கிட்டவ."

"அப்ப ஆரின்ரையும் மோட்டச்சைக்கிளிலை..." என்று தொடங்கியவள், அது எவ்வளவு மோசமான பதில் என்று தனக்கே விளங்கி, பாதியில் நிறுத்திக் கோப்பையைத் திருப்பித் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சாடியை நடத்துநரின் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

*

அந்த மணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வெளியே போகிறவர், போன இடத்தை அடைந்ததும், ஒரு ரிங் கொடுத்துவிட்டு வெட்டிவிட வேண்டும். எடுக்கத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை. "போனவுடனை ஒரு ரிங் குடு" என்று சொல்லாமல் யாரும் யாரையும் வழியனுப்புவதில்லை. எனக்கு அந்த ஒரு ரிங் சோற்றைவிட முக்கியம். அது பிந்தினால் என்னால் கதிரையில் இருக்க முடியாது. மனைவி சிரிப்பாள். "இஞ்சருங்கோ, பஸ் இன்னும் இரணைமடுச் சந்தி தாண்டியிராது. நீங்கள் இப்பவே நிண்டுகொண்டு தேத்தண்ணி குடிக்கிறியள்."

அவள் சிரிக்கலாம். கடைசிப் போரின் இடப்பெயர்வின்போது உடையார்கட்டில் சனத்துக்குள் என் தங்கச்சியைத் தவறவிட்டவர்களில் அவள் இல்லை. நான் முன்னுக்கு ஓடித் தேடினேன். அம்மா பின்னுக்கு ஓடித் தேடினா. தங்கச்சி மட்டும் ஓடவில்லை. தவறிய இடத்தில், ஒரு மதகுக் கட்டில், உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அதனால்தான் பொழுதுபடுவதற்குள் அவளைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டா. ஆளை ஆள் தவறவிட்டால் சின்ன ஆள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பெரிய ஆள் தேடி வர வேண்டும். இரண்டு பேரும் ஓடக்கூடாது.

என் மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைச் சொல்லி வளர்த்தேன். "நீ நில். நான் வருவன்." ஒருமுறை கோயில் திருவிழாவில் கைதவறிப் போனபோது, அவள் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். நான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர, "ஏன் அப்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அழவில்லை. நான் வருவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்படிப்பட்டவள் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் ரிங் கொடுக்க மறக்கத் தொடங்கினாள். வகுப்பு வாசலில் கூட்டாளிகளைக் கண்டால் மறந்துவிடுகிறதாம். அந்த நாட்களில்தான், கிளிநொச்சியில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில், ஆறு கிழமைக்குள் கைத்தொலைபேசிச் செயலி செய்யப் பழக்குவதாக ஒரு பதாகை கண்டேன். 'பார்த்துப் படிப்பதல்ல, செய்து படிப்பது' என்று எழுதியிருந்தது. சனி, ஞாயிறு காலை வகுப்பு. சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் படியேறிப் போனபோது, வாசலில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பிக் கதிரை தந்தான். "அங்கிள், மகனைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ? அவர் உள்ளுக்கை போகட்டும், நீங்கள் இதிலை இருங்கோ."

"மகன் இல்லை. நான்தான்."

அவன் நம்பவில்லை. உள்ளே போய் ஒரு கணினிக்கு முன்னால் நான் இருந்த பிறகும் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கூட்டமே எனக்கு 'ஹெட்மாஸ்ரர்' என்று பட்டம் வைத்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிழை வரும்போதெல்லாம், "ஹெட்மாஸ்ரர், எங்களுக்கும் அதேதான் வருது, பயப்பிடாதேங்கோ" என்பார்கள்.

படிப்பித்தவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அவர் என்னை அண்ணை என்றார். நான் முதலில் சேர் என்றேன், இரண்டாம் கிழமையில் தம்பி என்றேன். நிறக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் திரையில் கட்டளைகளைப் பொருத்த வேண்டும். இது நடந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய். சங்கத்தில் இருபது வருடம் அதைத்தானே செய்கிறேன், எனக்கு விளங்கியது. மற்றவர்கள் விளையாட்டும் பாட்டுப் பெட்டியும் செய்தபோது நான் 'ஒரு ரிங்' செய்தேன். மகளின் தொலைபேசி தான் நிற்கும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். என் தொலைபேசியில் ஒரு படம். அதில் அவள் சிவப்புப் புள்ளி, நான் நீலப் புள்ளி. ரியூசன் வாசலைச் சுற்றி நான் கீறிய வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி நுழைந்தால் என்னிடம் ஒரு தடவை மணி அடிக்கும். மறதிக்கு இடமில்லை.

முதல் தடவை அது மேசையில் அடித்தபோது அந்தப் பெடி பெட்டையெல்லாம் கை தட்டினார்கள். என் கண் கலங்கியதை மறைக்க, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அடிக்கிறதா என்று சோதிக்க ஒவ்வொரு முறையும் கிளிநொச்சிக்குப் போய் வர முடியாது. தம்பி அதற்கும் வழி காட்டினார். தொலைபேசியின் அமைப்புகளுக்குள் போய், ஓர் எண்ணின் மேல் ஏழு தடவை தட்டினால், செய்பவர்களுக்கென்று ஒளித்து வைத்த ஒரு கதவு திறக்கும். அதற்குள் போனால் தொலைபேசி எங்கே நிற்கிறது என்பதை நாமே சொல்லிக் கொடுக்கலாம். அது நம்பிவிடும்.

அந்த ஞாயிறு பின்னேரம் குசினிக்குள் இருந்து மகளின் தொலைபேசியில் அதைச் செய்து பார்த்தேன். அவள் எனக்குப் பக்கத்தில், மர வாங்கில் காலை மடித்துக்கொண்டு, பொரித்த கச்சான் கடலையைக் கொறித்தபடி இருந்தாள். மனைவி அடுப்படியில் நின்றாள்.

"அப்பா, நான் இப்ப எங்கை நிக்கிறன்?"

"பரந்தன் சந்தி."

"ஆனையிறவுக்கு அனுப்புங்கோ."

அனுப்பினேன். என் திரையில் சிவப்புப் புள்ளி உப்பளத்தில் நின்றது.

"இனித் திருகோணமலை. கடலுக்கு நடுவிலை விடுங்கோ. இனி லண்டன்."

"லண்டனிலை குளிர், சுவெற்றர் போடு" என்றாள் மனைவி, தேங்காய் திருவியபடி. மகள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். பிறகு தொலைபேசியை வாங்கி, "விடுங்கோ, நானே செய்யிறன்" என்று தன்னைத்தானே யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் அனுப்பினாள். எந்த எண்ணில் தட்டுவது, எந்தக் கதவு திறக்கும் என்று நான்தான் கைபிடித்துக் காட்டினேன். கடைசியில் ரியூசன் வாசலுக்கு வந்தாள். என் தொலைபேசி அடித்தது. மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

எங்கள் வீட்டில் அதைப்போல ஒரு பின்னேரம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசி வகுப்பில் தம்பி என் செயலியைப் பார்த்துவிட்டு, "அண்ணை, பொய் இடத்தைக் கண்டுபிடிக்கிற கட்டளை ஒண்டு இருக்கு. ஒரு வரிதான். போட்டு விடுவமோ?" என்றார்.

"வேண்டாம் தம்பி. இது என்ரை பிள்ளைக்குத்தானே" என்றேன்.

அந்த வரி இப்போதும் அதில் இல்லை.

*

கிளிநொச்சிக்குப் பஸ் பெரிய றோட்டால் சுற்றிப் போகும். மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கு வழி உண்டு. குளக்கட்டோடு போய், குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசைத் தாண்டி, வயலுக்குள்ளால் ஏறலாம். நான் அந்த வழியால் போனேன். தொலைபேசியை மீற்றரின் மேல் றப்பர் வளையத்தால் கட்டியிருந்தேன். செயலியைச் சோதித்த நாட்களில் பழகிய வேலை அது. சிவப்புப் புள்ளி ரியூசன் வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்துப் பார்த்துப் போனேன். வழியில் என்ன இருந்தது, யார் எதிரே வந்தார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது.

ரியூசன் கொட்டகை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது என் நீலப் புள்ளி நகர்ந்து வந்து சிவப்புப் புள்ளியை முட்டியது. பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. படத்தின்படி என் மகள் நான் நிற்கும் அதே அடி நிலத்தில் நிற்கிறாள். என் காலடியில் ஒரு சோடாப்போத்தல் மூடியும் கொஞ்சம் செம்மண்ணும் இருந்தன.

உள்ளே ஆசிரியர் பலகையில் இதயத்தின் படம் கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வெளியே வந்தார். முதலில் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"வியாழக்கிழமைகளிலை அவ வாறேல்லை ஐயா. இப்ப கொஞ்ச நாளா. செவ்வாய், சனி ஒழுங்கா வாறவ. வீட்டிலை ஏதோ அலுவல் எண்டு சொன்னவ. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்ச நாளாக வந்த வியாழக்கிழமை மணிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்று அடித்தபோது நான் யூரியா மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று அடித்தபோது கூட வேலை செய்பவருக்கு அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களோ, பிள்ளை போய்ச்சேந்திட்டாள்" என்று பெருமை பேசினேன். அந்த மணிகளுக்கெல்லாம் நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருந்தேன்.

அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மூன்று முறை அடித்தது, எடுக்கவில்லை. நான்காவது முறை, தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. நான் மூன்றையும் கடைசிவரை கேட்டேன்.

செயலி பழகிய இரும்புக் கடை ஏ-ஒன்பது வீதிக்கு அந்தப் பக்கம்தான்; பொய் இடம் கொடுக்கும் வழி தெரிந்த தம்பி அங்கே இருப்பார். படியேறிப் போனேன். தம்பி வேறு ஒரு தொகுதிக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ரை பிள்ளை இஞ்சை வந்தவவோ?"

"இண்டைக்கு வரேல்லை அண்ணை. முந்தி ஒருக்கா வந்தவ." அவர் முகம் மாறியது. "பொய் இடம் குடுத்தாலும் மணி அடிக்குமோ, அதைப் பிடிக்கிற வரி உள்ளுக்கை இருக்கோ எண்டு கேட்டவ. அப்பாதான் சோதிச்சுப் பாக்கச் சொன்னவர் எண்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அடிக்கும், வரி இல்லை எண்டு சொன்னன். உங்கடை மகள் எல்லோ அண்ணை. நான் ஏன் சந்தேகப்பட?"

அவரில் பிழை இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. நான் கை தட்டு வாங்கிய அதே மேசையடிக்கு அவள் வந்திருக்கிறாள். என் பெயரைச் சொல்லி என் செயலியின் ஓட்டையைக் கேட்டு அறிந்து போயிருக்கிறாள். அன்று இரவு வீட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டிருப்பாள். "அப்பா, மீன் துண்டு வேணுமோ?" என்று கேட்டிருப்பாள்.

"இப்ப அந்த வரியைப் போட்டுத் தரட்டோ அண்ணை?" என்று தம்பி கேட்டார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

திரும்பி வந்து புள்ளியின் மேல் நின்றேன். வேறு எங்கே போவது? தேடிப்போக வேண்டிய பெரிய ஆள் நான். ஆனால் தேடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான், அது பொய் என்று தெரிந்த பிறகும். பஸ் நிலையத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன். புகையிரத நிலையத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஒரு குளிர்பானக் கடைக்காரரிடம் தொலைபேசியில் இருந்த அவளுடைய படத்தைக் காட்டி, "இந்தப் பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கையில் படத்தை வைத்துக்கொண்டு, காணாமல் போன பிள்ளையைக் கேட்கும் ஆட்களை இந்த ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறோம். கடைக்காரரும் கண்டிருப்பார். அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

மனைவி தொலைபேசி எடுத்தாள். "இஞ்சருங்கோ, பஸ் சங்கத்தடியிலை பழுதாய் நிண்டதாம். பிள்ளை எப்பிடிப் போனாள்? மணி அடிச்சதோ?"

"அடிச்சது" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அவள் என் குரலைக் கேட்டே விளங்கிக்கொண்டாள். "நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?" என்றாள். நான் சொன்னேன். அவளுக்குப் பின்னால் கோழிகள் கத்துவது கேட்டது.

வகுப்பு விட்டுப் பிள்ளைகள் கலைந்தார்கள். அவர்களில் சிலர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வானம் மங்கத் தொடங்கியது. பொலிசுக்குப் போவதென்றால் மனைவியையும் கூட்டிக்கொண்டு, அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்து மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். தொடர்பு அறுந்தும் கடைசி இடத்திலேயே தங்கிவிட்ட சிவப்புப் புள்ளியை அந்த வாசலில் விட்டுவிட்டு வருவது, சொன்னால் நம்பமாட்டீர்கள், பிள்ளையையே விட்டுவிட்டு வருவதுபோல் இருந்தது. வயலுக்குள்ளாலும் குளக்கட்டாலும் வரும் வழியெல்லாம் மீற்றரின் மேல் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவேளை அசையும். ஒருவேளை என் பின்னால் வரும். அசையவில்லை.

*

வீட்டுப் படலையில் மனைவி நின்றாள். அவளோடு பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றா. மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவவுடையது. இத்தனை வருடத்திலும் பேச்சு மாறவில்லை. அவவின் தொலைபேசியிலும் நான் 'ஒரு ரிங்' போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்காக அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக்கு முருங்கைக்காய் வந்தது.

"சொல்லுடி" என்றா. "அண்ணன்கிட்ட நீயா சொல்லு. நான் சொன்னா ரெண்டு அறையும் சேத்துக் குடுத்துத்தான் சொல்லுவேன்."

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "துருசடியிலை இருப்பா அங்கிள்."

"ஆரோடை?"

"தனியத்தான்."

"பிள்ளை, எனக்கு உண்மை வேணும். ஆரோடை?"

"சத்தியமாத் தனியத்தான் அங்கிள். நானும் ஒருக்காப் போய்ப் பாத்தனான். ஒண்டும் செய்யிறேல்லை. செருப்பைக் கழட்டிப்போட்டு, தண்ணியைப் பாத்துக்கொண்டு சும்மா இருப்பா. தான் எங்கை நிக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு மணித்தியாலம் இருக்கிறது நல்லாயிருக்காம்." அவள் தாயை ஒருமுறை பார்த்தாள். "நீங்கள் தேடிக்கொண்டு போறியள் எண்டு பஸ்ஸடியிலை நிண்டே மெசேஜ் போட்டனான். அதுக்குப் பிறகு போனை நிப்பாட்டிப்போட்டா."

"அண்ணே, என் போன்ல இருக்கிறத அழிச்சிருங்க" என்றா அக்கா. "மணி அடிச்சாலும் இனி நமக்கு நிம்மதி வராது. பழைய மாதிரி அவளே கூப்பிட்டுக் கத்தட்டும்."

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துருசடி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிளில் போனால் வேர்க்காத தூரம். அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். ஒரு பெடியன் இருந்திருந்தால் எனக்குக் கோபிக்க ஓர் ஆள் கிடைத்திருப்பான். ஒரு கெட்ட சகவாசம் இருந்திருந்தால் பிரித்து எடுக்கலாம். யாருமே இல்லை. தண்ணீர் மட்டும். எனக்குத் தெரியாமல் இருப்பதற்காகவே அவள் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறாள். நான் பயப்படாமல் இருக்கக் கற்ற அந்த ஒரே வேலையை, என் பக்கத்தில் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு பழகி, என்னிடமிருந்து ஒளிக்கப் பயன்படுத்தியிருக்கிறாள். உயிரோடு, சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் பயம் அடங்கியிருக்க வேண்டும். அது கூடியது.

"போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் மனைவி. "இருட்டப்போகுது, ஆனை வாற நேரம். அடிச்சுப் போடாதேங்கோ."

நான் மறுபடி மோட்டார் சைக்கிளை உதைத்தேன். அது இயங்கவில்லை. இரண்டாம் முறை உதைக்கக் காலைத் தூக்கியபோது, ஒழுங்கைத் திருப்பத்தில் சைக்கிள் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. எங்கள் சைக்கிளின் சத்தம். எண்ணெய் விடச் சொல்லிப் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஏறி வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தாள். புத்தகப் பை தோளில். காலெல்லாம் குளத்து மணல். தொலைபேசி கையில், திரை இருண்டபடி. பக்கத்து வீட்டு அக்கா தன் மகளை மெல்லப் பின்னுக்கு இழுத்தா. மனைவி ஒரு அடி எடுத்து வைத்து, என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

நான் கேட்பதற்கென்று கிளிநொச்சியிலிருந்து கொண்டு வந்த வசனங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. "ஏன் பிள்ளை?" என்று மட்டும் வந்தது.

அவள் அழவில்லை. திருவிழாவில் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நின்றபோது இருந்த அதே முகம். ஆனால் இந்த முறை அதில் நம்பிக்கை இல்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"நீங்கள் போகேக்கை உங்களைக் கண்டு ஒளிச்சனான் அப்பா. அது பிழைதான்" என்றாள். "ஆனால் நீங்கள் திரும்பி வரேக்கை நான் றோட்டுக் கரையிலை நிண்டனான். கையும் காட்டினனான். நீங்கள் போனைப் பாத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போட்டியள்."